குறுக்கும் முறுக்கும்
(நாகூரில் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, சகோதரிகளே, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே! 

பாபின் லேஸ் என்கிற கைப்பின்னலைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களும் இருக்கிறீர்கள், நாளைக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

பாபின் லேஸ் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பாவாடை ஓரத்தில் வைத்துத் தைக்கக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்குகிறோமே, அது இயந்திரத்தில் ஓடியது. வீட்டில் வளைந்த ஊசியால் போடுகிற குரோஷா வேறு. பாபின் லேஸில் தையல் ஊசியும் இல்லை, கொக்கியும் இல்லை. பென்சில் பருமனில் சின்னச் சின்ன மரக்குச்சிகள், அவற்றுக்குத்தான் பாபின் என்று பெயர். ஒரே நூலின் இரண்டு முனைகளையும் இரண்டு குச்சிகளில் சுற்றினால் ஒரு ஜோடி. கெட்டியாக அடைத்த ஒரு தலையணை மேல் வடிவத்துக்கேற்பத் துளையிட்ட அட்டையை வைத்து, துளைகளில் குண்டூசி குத்தி, அந்த ஊசிகளில் ஜோடிகளைத் தொங்கவிட்டு, குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டால் நூல்கள் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு லேஸ் ஆகின்றன. பின்னி முடித்து ஊசியை உருவிவிட்டாலும் பின்னல் நிற்கும்.

ஐரோப்பாவில் இது 16ஆம் நூற்றாண்டில் பரவிய கைத்தொழில். 1557இல் வெனிஸ் நகரத்தில் இதற்கென்றே வடிவங்கள் அச்சிட்ட புத்தகம் வந்துவிட்டது. டச்சு ஓவியர் வெர்மீர் 1670ஐ ஒட்டி வரைந்த லேஸ் பின்னும் பெண்ணின் படம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குனிந்த தலை, விரல்களுக்கிடையே இரண்டு குச்சிகள், வேறெதையும் பாராத கண். இன்றைக்கும் லேஸ் பின்னுகிறவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

நம் தமிழ் நிலத்துக்கு இது எப்படி வந்தது? 1819 இறுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் நாகர்கோவில் வந்தார்கள். அங்கே நடந்த பெண்பிள்ளைகள் பள்ளியில் 1820களின் தொடக்கத்திலேயே மார்த்தா அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பள்ளியை வளர்த்ததில் அவரோடு பங்குகொண்ட இன்னொருவர் சார்லஸ் மீட் பாதிரியாரின் மனைவி யோஹன்னா. அவர் நம் தஞ்சாவூரில் பணியாற்றிய ஹோர்ஸ்ட் என்ற மிஷனரியின் மகள். ஆகவே கன்னியாகுமரிச் சீமையின் கைவேலை வரலாற்றில் இந்தக் காவிரிக்கரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இந்த ஊர் மேடையில் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை 1844இல் மணந்தவர். அவர் தாயிடம் கற்ற லேஸை இடையன்குடித் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோனார். பனையேறும் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் அங்கே பாபின் பிடித்தார்கள். பிறகு 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த லூயிஸ் டி மீஸ்டர் என்ற கன்னிகாஸ்திரீயும் அவருடைய சபையினரும் ஆதரவற்ற சிறுமிகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் வந்த நாடு லேஸுக்குப் பேர்போனது.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கிற செய்தி ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே, நாகர்கோவில் பள்ளியில் படித்த அடிமைப் பெண்பிள்ளைகள் சிலர், லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். தன் விரல் உழைப்பால் தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவள் நம் மண்ணில் இருந்திருக்கிறாள். லேஸைப் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பெருமை இருந்தும் இந்த வேலை ஏன் ஊரூராகப் பரவவில்லை? இயந்திரம் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் 1809இல் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்கு உரிமை வாங்கிவிட்டார். அதற்குப் பின் கைப்பின்னல் விலையில் தோற்றுக்கொண்டே வந்தது. ஆனால் என் மனத்தில் படுகிற காரணம் வேறு. நம் பெண்களுக்குக் கையைப் பழக்கினார்கள். வடிவமும் நூலும் விற்கிற வழியும் மிஷன் கையிலேயே இருந்தன. அட்டையில் புள்ளி போடத் தெரிந்தவர் ஊரைவிட்டுப் போனால், பின்னத் தெரிந்தவள் பழைய அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அட்டை கிழிந்தால் தொழிலும் போயிற்று. ஆகையால் இன்றைக்கு நான் வற்புறுத்திச் சொல்ல வந்தது இதுதான்: புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது வடிவம் போடுகிற அறிவையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். கையை மட்டும் பழக்கிவிட்டால் அவர் எந்நாளும் இன்னொருவரின் அட்டைக்காகக் காத்திருப்பார்.

இனி வகுப்புக்கு வருவோம்.

லேஸ் முழுவதிலும் இரண்டே அசைவுகள்தான் உண்டு. ஒன்று குறுக்கு, மற்றொன்று முறுக்கு. கைக்குட்டை ஓரத்துச் சின்ன நாடாவும் சரி, அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ராஜகுமாரியின் கழுத்துப்பட்டியும் சரி, இந்த இரண்டால் ஆனவைதான். இதை நான் குச்சியைக் கையில் கொடுத்துத் தொடங்குவதில்லை, கயிற்றில் தொடங்குகிறேன். பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். மேலே கட்டித் தொங்கும் வண்ணக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் உள்ளும் புறமுமாகச் சுற்றிவர, கயிறுகள் மேலேயே பின்னிக்கொண்டு இறங்கும். பாபின் லேஸும் அதேதான், ஆடுகிறவர்களுக்குப் பதில் குச்சிகள். நான்கு பிள்ளைகள் மேடைக்கு வாருங்கள்.

(நான்கு மாணவிகள் மேடையேறுகிறார்கள். கம்பத்தில் கட்டிய இரண்டு சிவப்புக் கயிறும் இரண்டு வெள்ளைக் கயிறும் அவர்கள் கையில் தரப்படுகின்றன.)

நீங்கள் பார்க்கிறபடி இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முதல் இருவர் கையில் சிவப்பு, அடுத்த இருவர் கையில் வெள்ளை. ஒன்றைக் கவனியுங்கள். எண் ஆளுக்கு இல்லை, நிற்கிற இடத்துக்கு. ஆள் மாறினாலும் இடத்தின் எண் மாறாது. புதியவர்கள் தடுமாறுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இப்போது குறுக்கு. இரண்டாம் இடத்துப் பிள்ளை மூன்றாம் இடத்துப் பிள்ளைக்கு முன்பக்கமாகப் போய் இடம் மாற்றிக்கொள்ளட்டும். அவ்வளவுதான். அடுத்தது முறுக்கு. இரண்டாம் இடத்தில் நிற்பவர் முதல் இடத்துக்காரருக்கு முன்னால் வந்து மாறட்டும். அதே நேரத்தில் நான்காம் இடத்தவர் மூன்றாம் இடத்தவருக்கு முன்னால் வந்து மாறட்டும். குறுக்கில் இடப்பக்கத்தது வலத்தின் மேல். முறுக்கில் வலப்பக்கத்தது இடத்தின் மேல். இந்த விதிக்கு விலக்கு வேண்டாம். இன்னொரு முறை குறுக்கு போடுங்கள்.

சபையோரே, பாருங்கள். வெள்ளை இரண்டும் இடப்பக்கம் வந்துவிட்டன, சிவப்பு இரண்டும் வலப்பக்கம் போய்விட்டன. ஜோடி கலையவில்லை, ஒரு ஜோடி மற்றதன் ஊடாகக் கடந்து போயிருக்கிறது. மேலே கயிற்றைப் பார்த்தால் நெய்த துணி மாதிரி ஒன்றன் மேல் ஒன்று, ஒன்றன் கீழ் ஒன்று. குறுக்கு, முறுக்கு, குறுக்கு. இதுதான் துணிப் பின்னல்.

கயிற்றைப் பிரித்து மறுபடி நில்லுங்கள். இப்போது குறுக்கு, முறுக்கு என்று இரண்டோடு நிறுத்துங்கள். இடப்பக்கம் ஒரு வெள்ளை ஒரு சிவப்பு, வலப்பக்கமும் ஒரு வெள்ளை ஒரு சிவப்பு. ஜோடி உடைந்துவிட்டது. இது அரைப் பின்னல். சல்லடை போல இளகிய வலை இதில்தான் வரும். இதை முதல் வாரத்தில் கற்றுக்கொடுக்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தன் ஜோடி எங்கே போயிற்று என்று தேடியே பிள்ளை சோர்ந்துபோகும். துணிப் பின்னலில் நம்பிக்கை வந்த பிறகு அரைப் பின்னல் ஒரே நாளில் பிடிபடும். துணிப் பின்னலுக்குப் பிறகு ஒரு முறுக்கு சேர்த்தால் முழுப் பின்னல். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் அரிச்சுவடி முடிந்தது. நன்றி பிள்ளைகளே, போய் உட்காருங்கள்.

அடுத்தது தலையணை. வெளிநாட்டுத் தலையணையை விலை கொடுத்து வரவழைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் காலங்காலமாக வைக்கோலைத்தான் அடைத்திருக்கிறார்கள். வைக்கோலுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? நன்றாகக் காய்ந்த வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, கெட்டித் துணிப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மரக்கட்டையால் இடித்து இடித்து அடையுங்கள். பெருவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. குத்திய குண்டூசி ஆடாமல் நிற்க வேண்டும். ஊசி ஆடினால் லேஸின் ஓரம் கோணும், அதைப் பின்னால் எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. அடைத்த தலையணையை வெயிலில் நன்றாகக் காயவைத்து மேலே ஒரு மழமழப்பான கருநீலத் துணியைப் போர்த்துங்கள். வெள்ளை நூல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

குண்டூசியில் சிக்கனம் பார்க்காதீர்கள். இது கடற்கரை ஊர். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறை விழும். பித்தளை ஊசியோ எவர்சில்வர் ஊசியோ வாங்குங்கள். குச்சியைக் கடைசல் பிடிக்கும் தச்சரிடம் மாதிரி காட்டிச் செய்துகொள்ளலாம். கழுத்தில் நூல் சுற்ற இடம், கீழே பிடிக்கக் கொஞ்சம் கனம், சிராய் இல்லாத வழுவழுப்பு, இவை இருந்தால் போதும். நூல் முறுக்கேறிய பருத்தி நூலாக, கொஞ்சம் பருமனாக இருக்கட்டும். மெல்லிய நூலில் தொடங்கினால் பிழை எங்கே என்று கண்ணுக்கே தெரியாது.

முதல் பாடம் ஒரு நாடா. ஏழு ஜோடி, அதாவது 14 குச்சி. ஆறு ஜோடிகள் வெள்ளை நூலில் செங்குத்தாகத் தொங்கும். ஏழாவது ஜோடி சிவப்பு. அதுதான் ஓடுகிற ஜோடி. இடமிருந்து புறப்பட்டு ஒவ்வொரு வெள்ளை ஜோடியோடும் ஒரு துணிப் பின்னல் போட்டு வலது ஓரம் போய்ச் சேரும். அங்கே அதை முறுக்கி, அதற்கு உட்புறமாக ஊசி குத்தி, ஊசியைச் சுற்றித் திரும்பி வரும். சிவப்பு நூலைக் கொடுப்பது அழகுக்காக இல்லை. வழி தவறினால் அந்தச் சிவப்பு வெள்ளைக்குள் புகுந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். பிள்ளையும் தானே பார்த்துக்கொள்ளும். முதல் நாளில் இரண்டு விரற்கடை நாடா வந்தால் நிறைவாக வீட்டுக்கு அனுப்புங்கள்.

புதியவர்களிடம் வழக்கமாகக் காணும் பிழைகள் சில உண்டு. ஓர ஊசியில் ஓடுகிற ஜோடியை முறுக்க மறப்பார்கள். ஓரம் தளர்ந்துபோகும். நூலை அளவுக்கு மீறி இழுப்பார்கள். ஊசியை எடுத்ததும் நாடா சுருண்டுகொள்ளும். பின்னிய இடத்து ஊசிகளை உடனே உருவி முன்னால் குத்துவார்கள். பின்னல் இளகிவிடும். பின்னி முடித்த இடத்திலும் சில விரற்கடை தூரத்துக்கு ஊசிகள் நிற்கட்டும். ஓர ஊசிகள் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து நின்றால் இழுவையைத் தாங்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது பிரிக்கக் கற்றுக்கொடுப்பது. பின்னிய வழியிலேயே பின்னோக்கிப் போனால் லேஸ் சேதமில்லாமல் பிரிந்துவிடும். கடைசியாகப் போட்டதை முதலில் எடுக்க வேண்டும். கடைசி அசைவு குறுக்கானால் குறுக்கை, முறுக்கானால் முறுக்கை, போன வழியே திருப்ப வேண்டும். முதல் நாளிலேயே இரண்டு வரிசை பின்னச் சொல்லி, இரண்டையும் பிரிக்கச் சொல்லுங்கள். அழகாக வந்ததைப் பிரிப்பதா என்று சில பிள்ளைகளுக்கு முகம் வாடும். ஆனால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பயம் போய்விடும். பயம் போனவர்தான் புது வடிவத்தைத் தொடுவார்.

மூன்று பின்னலும் வந்த பிறகு வரைபடம். பெல்ஜிய நாட்டு முறையில் இதற்கு நிறம் வைத்திருக்கிறார்கள். ஊதாக் கோடு துணிப் பின்னல், பச்சைக் கோடு அரைப் பின்னல், சிவப்புக் கோடு முறுக்கு சேர்ந்த முழுப் பின்னல். மூன்று வண்ணப் பென்சிலும் ஒரு கட்டம் போட்ட நோட்டும் இருந்தால் போதும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிற மூதாட்டி கூட இந்தப் படத்தைப் பார்த்துப் பின்னிவிடலாம். முதலில் பிறர் படத்தைப் பார்த்துப் பின்னட்டும். அடுத்து, பின்னிய லேஸைப் பார்த்துப் படம் வரையட்டும். மூன்றாவதாகத் தன் மனத்தில் இருப்பதைக் கட்டத்தில் புள்ளியிட்டு வரையட்டும். கோலம் போடுகிற கைக்குப் புள்ளி புதிதில்லை. மருதாணிக் கோடுகளைக் கண்ணால் பார்த்தே கையில் இறக்குகிற பெண்கள் நிறைந்த ஊர் இது. இங்கே வடிவத்துக்குக் குறைவே வராது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆந்திரத்து நரசாபுரத்தை நினைத்துத்தான். அங்கே நடப்பது குரோஷா லேஸ். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்து, பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அந்தப் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள், முழுப் பொருளும் விற்பனையும் வியாபாரியிடம். நாளெல்லாம் உழைத்தாலும் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று பேர் வைத்துக் கூலியைக் குறைத்தார்கள். நாகூரிலும் அப்படி ஆகக் கூடாது. வீட்டுக்குள் இருந்து செய்கிற வேலையும் வேலைதான்.

அதற்கு முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொருவர் தலையணைக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன நோட்டு. உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பின்னிய நீளம், செலவான நூல். ஒரு சாண் நாடாவுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அந்த நோட்டு சொல்லும். மணிக் கணக்கை நியாயமான கூலியால் பெருக்கி, நூல் விலையைச் சேர்த்தால் அதுதான் அடக்க விலை. யாராவது அதற்குக் கீழே கேட்டால், இல்லை என்று சொல்ல அந்த நோட்டு தைரியம் கொடுக்கும். சூரத்து இயந்திர லேஸோடு மீட்டர் விலையில் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். சட்டைக் கழுத்து, கைக்குட்டை, கல்யாணத் துப்பட்டாவின் ஓரம், குழந்தைக்குத் தொப்பி என்று அளவில் சிறியதும் அருமையில் பெரியதுமான பொருள்களே இதற்குப் பொருத்தம். லேஸ் பின்னினால் உடனே குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சில மாதம் பழகிய பிறகுதான் விற்கத் தகுந்த லேஸ் வரும்.

ஒரு ஊர் மனம் வைத்தால் இது நிலைக்கும் என்பதற்கு ஸ்லோவேனியாவில் இத்ரியா என்ற பழைய சுரங்க ஊர் சாட்சி. 1876இல் அங்கே ஒரு லேஸ் பள்ளி தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. படிக்கிற பிள்ளைகள் பாடத்தோடு பின்னலும் கற்கிறார்கள். அந்த நாட்டு பாபின் லேஸை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு தூரம் ஏன்? நாகூர்க் கப்பல்காரர்கள் போய்வந்த இலங்கையில், காலியிலும் வெலிகமையிலும் 'பீரளு' என்ற பெயரில் இதே பாபின் லேஸைப் பெண்கள் பின்னுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நம்மைத் தாக்கிய சுனாமி அலை அந்தக் கரையையும் தாக்கியது. அதற்குப் பிறகும் அவர்கள் தலையணை முன்னால் உட்கார்ந்தார்கள்.

சகோதரிகளே, வகுப்பில் சேரப் பெயர் கொடுக்கிறவர்களிடம் மூன்று கேட்கிறேன். நாடா பின்னக் கற்றதும், பக்கத்து வீட்டு மாமிக்கோ லாத்தாவுக்கோ தங்கைக்கோ, ஒருவருக்காவது குறுக்கையும் முறுக்கையும் சொல்லிக்கொடுங்கள். ஒரு வருஷத்துக்குள் உங்கள் சொந்தக் கையால் ஒரு வடிவம் வரைந்து, அட்டையின் மூலையில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். நோட்டில் கணக்கு எழுதாமல் எந்த லேஸையும் விற்காதீர்கள். பொறுப்பாளர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த அட்டைகளையெல்லாம் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தி, அடுத்து வரும் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். இவ்வளவும் செய்தால் நாகூரில் லேஸ் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியிருக்காது.